சின்ன சேனல் ஒன்றை நடத்தச் சொல்லி உங்களைக் கேட்டால்

2022 தொடக்கத்திலிருந்து 2025 வரை, தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாத்தால் மாகாணத்தில் மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு சின்ன சமுதாயத் தொலைக்காட்சி நிலையத்தின் பொறுப்பு என் தலையில் இருந்தது. அந்தக் காலத்தில் என் கைக்காசு மட்டும் 2,40,000 ராண்ட் அதில் போயிருக்கிறது. வீட்டுக் கூரையை மாற்றவும், மகளின் பல்கலைக்கழக முதல் வருடத்துக்கும் என்று நானும் வீட்டுக்காரரும் சேர்த்து வைத்த பணம். கொஞ்சம் திரும்பி வரலாம், பெரும்பகுதி வராது. பணம் போன வருத்தத்தைவிட, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ராத்திரி ராத்திரியாக விழித்துக் கிடந்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை. டர்பனில் ஒரு பெண் சமீபத்தில், "அக்கா, எங்க பக்கம் ஒரு சேனலை எடுத்து நடத்தச் சொல்றாங்க, ஒத்துக்கலாமா?" என்று கேட்டாள். போனில் சொல்லி மாளவில்லை. அவளுக்காகவும் அவளைப் போல இனி இந்த வேலைக்குள் வரப்போகிறவர்களுக்காகவும் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

நான் மதுரைப் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தேன். படித்தது கணக்கு. வீட்டுக்காரரின் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வழி; 1860-ல் முதல் கப்பல் வந்ததிலிருந்து எண்ணினால் நாலைந்து தலைமுறை. வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்று இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவதும், தைப்பூசக் காவடியும், பெரிய வெள்ளிக்கிழமையில் இங்கே நடக்கும் தீமிதியும், புரட்டாசி முழுக்க மாமிசம் தொடாத விரதமும் ஒன்றுகூட விடவில்லை. இந்த ஜனங்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் சம்பளம் இல்லாமல் செய்து கொடுத்தேன். தேவாரம் ஒன்று, ஒரு பெரியவரின் பேட்டி, ஒரு சமையல், ஊர்க் கோயில் செய்தி. மற்ற நேரமெல்லாம் ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் ஊர்ச் செய்தி, பள்ளிக்கூட விளையாட்டு, சர்ச் பாட்டு என்று ஓடும். பெரிய சேனல் எதுவும் எங்கள் தெருவுக்கு வந்து கேமராவைத் திருப்பாது. அதனால்தான் அந்த நிலையத்தின் மேல் எனக்கு அத்தனை பாசம், இன்றைக்கும்.

இந்த மாதிரி நிலையம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டப்படி ஒலி, ஒளிபரப்பு லைசென்ஸ்களைக் கொடுப்பது இகாசா என்கிற ஒழுங்குமுறை ஆணையம். சமுதாய ஒளிபரப்பு என்றால் லாப நோக்கம் இல்லாத அமைப்புதான் நடத்தலாம். மிஞ்சுகிற காசு அந்தச் சமுதாயத்துக்கே திரும்ப வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதலாளி என்று யாரும் கிடையாது என்பதற்கு இன்னொரு அர்த்தம், கஷ்டம் வந்தால் தன் கைக்காசைப் போடுகிற ஆளும் கிடையாது. கமிட்டியில் இருப்பவர்கள் ஆசிரியர், பாஸ்டர், கடைக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ் என்று நல்ல மனுஷர்கள்தான். மாதத்துக்கு ஒரு கூட்டம் போட்டு, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மீதி நாளெல்லாம் நிலையத்தைத் தாங்குவது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளாகத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் நிலையத்தின் சரிவு நான் வருவதற்கு முன்பே, 2021 ஜூலைக் கலவரத்தில் தொடங்கியது. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த அந்தக் கலவரத்தில் எங்கள் ஊர்க் கடைவீதிகளும் பெரிய மால்களும் எரிந்தன. நிலையத்துக்குள் யாரும் வரவில்லை, ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த ஃபர்னிச்சர் கடை, துணிக்கடை, டயர் கடை எல்லாம் அந்த ஒரே வாரத்தில் போய்விட்டன. இங்கே சாதாரண காப்பீட்டில் கலவரச் சேதம் சேராது. அதற்கு சாஸ்ரியா என்கிற அரசு நிறுவனத்தின் காப்பீடு தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும். அதை வைத்திருந்த கடைகள் மெதுவாக எழுந்தன, வைக்காதவை எழவே இல்லை. உங்கள் நிலையத்தின் பாலிசியில் சாஸ்ரியா இருக்கிறதா என்று பாருங்கள், சரி. அதோடு உங்களுக்கு மாதாமாதம் விளம்பரம் தருகிற பெரிய கடைகளுக்கு அது இருக்கிறதா என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வையுங்கள். அவர்கள் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள்.

2022 தொடக்கத்தில் பழைய மேனேஜர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். "நீங்கதான் கணக்குத் தெரிஞ்சவங்க, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்குங்க" என்று கமிட்டி என்னைத் தற்காலிகப் பொறுப்பாளர் ஆக்கி, இயக்குநர் போர்டிலும் பெயரைச் சேர்த்தது. சம்பளம் ஒரு சின்னத் தொகை, அதுவும் பல மாதம் வரவில்லை. முதல் வாரத்திலேயே மேஜை டிராயரில் பிரிக்காத கவர்கள் கட்டாகக் கிடைத்தன. சிக்னலைக் கொண்டுபோய் ஒளிபரப்புகிற நிறுவனத்துக்குப் பல மாத பாக்கி. மாதக் கட்டணமே ஒரு லட்சம் ராண்டுக்கு மேல். வரித்துறை நோட்டீஸ். கட்டட வாடகை பாக்கி. கமிட்டிக்கு மாதாமாதம் காட்டிய கணக்கில் இதில் பாதிகூட இல்லை. அன்றைக்குக் கைகால் நடுங்கிப்போய் காரில் உட்கார்ந்து அழுதேன்.

அதனால் பொறுப்பை ஏற்கும் முன் என்னென்ன தாள் கேட்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிலையத்தார் தரும் கணக்கு போதாது. சிக்னல் நிறுவனத்திடமிருந்தே நேரடியாக ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். வரித்துறையில் நிலையத்தின் நிலைமை பச்சையா சிவப்பா என்று காட்டும் வரிச் சான்றைப் பார்ப்பதற்கான ரகசிய எண்ணை (PIN) கேளுங்கள். லைசென்ஸ் என்றைக்கு முடிகிறது, வருடாந்தரக் கடமைகள் செய்யப்பட்டிருக்கின்றனவா, பாட்டுகளுக்கான ராயல்டி பாக்கி உண்டா, முன்பு வாங்கிய மானியம் எதற்காவது கணக்கு ஒப்படைக்காமல் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். கமிட்டியில் யாராவது "நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளித்தால், அந்த முகச் சுளிப்பே பாதி பதில்.

இனி பணம் எப்படி வருகிறது, எப்படி வராமல் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். பெரிய விளம்பரங்கள் ஏஜென்சி வழியாகத்தான் வரும். அவர்கள் வழக்கமாக 16.5 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொள்வார்கள். விளம்பரம் ஓடி முடிந்து, ஓடியதற்கான பதிவைக் கொடுத்து, இன்வாய்ஸ் போட்டு, அப்புறம் 60 நாள், 90 நாள். அரசுத் துறை என்றால் இன்னும் இழுக்கும். ஆனால் வாட் என்கிற மதிப்புக்கூட்டு வரி காத்திருக்காது. எங்கள் நிலையம் இன்வாய்ஸ் அடிப்படையில்தான் வாட் கட்டி வந்தது. காசு வந்தாலும் வராவிட்டாலும், இன்வாய்ஸ் எழுதிய காலத்துக்கு 15 சதவீதம் கட்டியாக வேண்டும். மார்ச்சில் ஓடிய ஒரு பெரிய விளம்பரத்துக்கு வாட் கட்டுவதற்காக என் சொந்த சேமிப்பிலிருந்து முதல் தடவையாக 38,000 ராண்ட் போட்டேன். அந்த விளம்பரக் காசு வரவே இல்லை; நடுவில் இருந்த ஏஜென்சி மூடிவிட்டது. வசூலாகாத கடன் என்று முறைப்படி எழுதித் தள்ளினால் கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்கலாம் என்பதை ஒரு ஆடிட்டர் சொல்லி வெகு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். பழைய வராக்கடன் உங்கள் நிலையத்தில் இருந்தால் முதல் வேலையாக இதைப் பாருங்கள். எங்களுக்கு வாடகை ஒரு மாதம் அதிலேயே அடைந்தது.

விளம்பரக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேர் பார்க்கிறார்கள்?" இந்த நாட்டில் அதை அளக்க, நாடு முழுக்கச் சில ஆயிரம் வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். ஒரு மாவட்டத்துக்குள் தெரியும் சேனலைப் பார்க்கிற வீடு அதில் எத்தனை விழும்? பல மாதம் எங்கள் சேனல் அந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. நிஜத்தில் தீமிதி நேரலை அன்று நார்த்டேலில் வீட்டுக்கு வீடு எங்கள் சேனல்தான் ஓடும். அந்த நிஜத்தை விற்க வேறு வழி வேண்டியிருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் மின்வெட்டு. 2022 நடுவில் ஆறாம் நிலை வந்தது. 6,000 மெகாவாட்டை நாடு முழுக்கச் சுழற்சியில் நிறுத்துவது. 2023-லும் பெரும்பாலான நாள் மின்வெட்டுதான். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை, ஒவ்வொன்றும் இரண்டு மணி, நாலு மணி நேரம். எங்கள் யு.பி.எஸ். பேட்டரிகள் ஈய-அமில வகை. எப்போதாவது கரன்ட் போனால் தாங்குவதற்குச் செய்தவை. நிரம்பச் சார்ஜ் ஆவதற்குள் மறுபடி வடிந்து, மறுபடி வடிந்து, மூன்று நாலு வருடம் உழைக்க வேண்டியவை சில மாதத்திலேயே உப்பிவிட்டன. மாற்றிய புது செட்டும் அதே கதிதான். பேட்டரிக்கு மட்டும் 31,000 ராண்ட் போனது. டீசல் கணக்கு இன்னும் மோசம். எங்கள் ஜெனரேட்டர் மணிக்கு நாலு லிட்டர் குடிக்கும். நாளைக்கு ஏழு மணி நேரம், லிட்டர் 20 ராண்டுக்கு மேல் என்று போட்டுப் பாருங்கள், மாதம் 17,000 ராண்டைத் தொடும். இந்தச் செலவு பட்ஜெட்டில் எந்த வரியிலும் கிடையாது. "இதர" என்று ஒரு தலைப்பு, அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. டெக்னிக்கல் கோளாறுக்கு ஒரு நோட்டு, பணக் கணக்குக்கு ஒரு நோட்டு என்று இரண்டாக வைத்திருந்தார்கள். டெக்னீஷியன் எழுதுவது: "சர்வர் 40 நிமிடம் நின்றது." கணக்கில் எழுதுவது: "விளம்பர வருவாய் குறைவு." இரண்டும் ஒன்று என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நின்ற 40 நிமிடத்தில் ஓட வேண்டிய விளம்பரங்களைத் திரும்ப இலவசமாக ஓட்ட வேண்டும். இல்லையென்றால் ஏஜென்சி காசைப் பிடித்துக்கொள்ளும். நான் ஒரே நோட்டுப் போட்டேன். இடது பக்கம் எது எப்போது நின்றது, வலது பக்கம் அதனால் எவ்வளவு போயிற்று. மூன்று மாதம் எழுதியதும், கமிட்டியார் கேட்டுக்கொண்டிருந்த புதுக் கேமராவைவிட லித்தியம் பேட்டரி வைத்த இன்வெர்ட்டர்தான் முதலில் வேண்டும் என்பது அவர்கள் கண்ணுக்கே தெரிந்தது. அதை வாங்கிய பிறகு நின்றுபோகும் நேரம் வெகுவாகக் குறைந்தது. நீங்கள் எந்த நிலையத்துக்குப் போனாலும் முதல் நாளே இந்த நோட்டைப் போடுங்கள்.

ஆனால் இன்வெர்ட்டர் வருவதற்குள் பெரிய அடி விழுந்துவிட்டது. கரன்ட் போனால் சர்வர் யு.பி.எஸ்.ஸில் ஓடும், ஆனால் அந்த அறையின் ஏ.சி. யு.பி.எஸ்.ஸில் இல்லை. ஜெனரேட்டர் எடுக்காத ஒரு பிப்ரவரி மதியம் அறை அடுப்படி போல ஆகிவிட்டது. ஜெனரேட்டர் எடுக்காததற்குக் காரணம் இன்ஜின் இல்லை, அதைக் கிளப்புகிற சின்ன பேட்டரி செத்திருந்தது. எல்லோரும் டீசலைப் பார்ப்பார்கள், அந்த பேட்டரியை யாரும் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை கரன்ட் இருக்கும்போதே ஜெனரேட்டரை ஓட்டிப் பாருங்கள். அன்று ஒரு ஹார்ட் டிஸ்க் போயிற்று. ஒன்று போனால் தாங்கும்படி அமைத்த டிஸ்க் வரிசைதான் அது. புதிது போட்டோம். மற்ற டிஸ்க்குகளிலிருந்து தரவை எடுத்து அது தன்னை நிரப்பிக்கொண்டிருந்த ராத்திரியில், டெக்னீஷியன் பையன் கையைக் காட்டி, "மா, கேளுங்க" என்றான். இரண்டாவது டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி டிக். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. எல்லா டிஸ்க்கும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே வயது, ஒரே சூடு தின்றவை. புது டிஸ்க் நிரம்பும் நேரத்தில்தான் பழையவற்றுக்கு வேலைப்பளு அதிகம், அப்போதுதான் அடுத்தது சாகும்.

அதோடு ஒளிபரப்புக்கு வைத்திருந்த படங்கள் மட்டும் போகவில்லை. பழைய நிகழ்ச்சிகளின் சேமிப்பும் அதே சர்வரில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்காக நாங்கள் எடுத்த பெரியவர்களின் பேட்டிகள் எல்லாம் அதற்குள். மவுன்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்ட லைனில் பிறந்த ஒரு ஆயா, தன் பாட்டி பாடிய தாலாட்டைப் பாடியிருந்தார். பாதி வார்த்தைக்கு அர்த்தம் அவருக்கே தெரியாது, ராகம் மட்டும் பிசகாது. அந்த ஆயா அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார். தரவு மீட்கும் நிறுவனத்துக்கு 46,000 ராண்ட் என் கணக்கிலிருந்து கட்டினேன். கமிட்டி வேண்டாம் என்றது, என்னால் விட முடியவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. தாலாட்டு வரவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஒளிபரப்புச் சர்வர் வேறு, காப்பகம் வேறு என்று பிரித்து வையுங்கள். காப்பகத்தின் ஒரு பிரதி அந்தக் கட்டடத்துக்கு வெளியே, ஒரு கோயில் அலுவலகத்திலோ பள்ளிக்கூட அலமாரியிலோ இருக்கட்டும். இரண்டு வெளி டிஸ்க் வாங்க ஆகிற செலவு, நாங்கள் மீட்புக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கோடையில் சாயங்காலமானால் இடி மின்னல் சகஜம். மெயின் போர்டில் மின்னல் தடுப்பான் இருந்தது, நல்ல தடுப்பான்தான். ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நெட்வொர்க் கேபிளைச் செம்பில் இழுத்திருந்தார்கள். மின்னல் அந்த வழியாக வந்து, படத்தைச் சிக்னலாக மாற்றுகிற என்கோடரைச் சுட்டுவிட்டது. அந்தச் சாமான் வெளிநாட்டிலிருந்து டாலரில் வருவது. 2023 நடுவில் ஒரு டாலர் 19 ராண்டைத் தாண்டியிருந்த நேரம். காப்பீட்டுக்காரர்கள் இழப்பீடு தரவில்லை. எல்லாக் கம்பிகளிலும் தடுப்பான் இருக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு வரி இருக்கிறதாம். அந்தச் சமயத்தில் பல நிறுவனங்கள், நாட்டின் மின்கட்டமைப்பு மொத்தமாக விழுந்தால் அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் பாலிசியில் சேர்த்துக்கொண்டிருந்தன. ஆகவே புதுப்பிக்கும்போது வரும் திருத்தத் தாளைக் கட்டாயம் படியுங்கள். கட்டடங்களுக்கு நடுவே செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது. கரன்ட் திரும்பி வரும் நொடியில் மின்னழுத்தம் எகிறும், அதனால் சாமான்களுக்குச் சில நிமிடம் கழித்துக் கரன்ட் விடுகிற டைமர் போடுங்கள். இன்னொன்று: ஃபைபர் அறுந்தால் மொபைல் டேட்டாவில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நம்பி இருக்காதீர்கள். நீண்ட மின்வெட்டில் மொபைல் டவரின் பேட்டரியும் வடிந்துவிடும்.

2023 கடைசியில் பாக்கிக்காக எங்கள் சிக்னலை நிறுத்தினார்கள். எழுத்தில் எச்சரித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனாலும் ஸ்டுடியோவில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து டிவியில் கறுப்புத் திரை தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது. போன் நிற்கவே இல்லை. ரெய்ஸ்தோர்ப்பிலிருந்து ஒரு வயசான அம்மா, "டிவி கெட்டுப்போச்சா கண்ணு, பேரனை விட்டுச் சரி பண்ணச் சொல்லவா?" என்று கேட்டார். உங்கள் டிவி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லும்போது குரல் வரவில்லை. அந்த வாரம் நான் 85,000 ராண்ட் போட்டு ஒரு பகுதி பாக்கியைக் கட்டினேன். வீட்டில் பெரிய சண்டை. வீட்டுக்காரர் கோபத்தில் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் தவணை ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். நடுப்பக்கத்தில், நிலையம் கட்டாவிட்டால் கையெழுத்துப் போடுகிறவர் சொந்தப் பொறுப்பில் முழுக் கடனையும் கட்டுவார் என்று ஒரு பத்தி. எங்கள் கோயில் கமிட்டியில் இருக்கும் வக்கீல் அண்ணன் ஒருவர், "இதை அடிச்சிட்டு அனுப்பும்மா, பாப்போம்" என்றார். அடித்துவிட்டு அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்! தனிப்பட்ட ஜாமீன் பத்தியை நீக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கேளுங்கள். என் வீடு தப்பியது அந்த ஒரு கோட்டால்தான். கொடுக்கிற சொந்தப் பணத்தையும் நன்கொடை மாதிரி கொடுக்காமல், போர்டு தீர்மானத்தோடு கடன் பத்திரமாக எழுதி வாங்குங்கள். நான் 38,000-க்கும் 46,000-க்கும் தாள் வாங்கவில்லை, அதன் பிறகு போட்டதற்கெல்லாம் வாங்கினேன். இப்போது திரும்பி வருவது தாள் இருப்பதுதான்.

எதை முதலில் கட்டுவது என்று கேட்டால், என் அபிப்பிராயம் உறுதியானது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி முதலில். அது நிலையத்தின் காசே இல்லை. அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வரித்துறைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பண நிர்வாகம் பார்த்தவர் மேல் தனிப்பட்ட முறையில் பாயலாம். அடுத்தது சம்பளம், வேலையில்லாக் காப்பீட்டு நிதி. அதற்குப் பிறகுதான் சிக்னல். கடனை அடைக்க வழியே இல்லை என்று தெரிந்தும் தொடர்ந்து கடன் வாங்கி ஓட்டினால், 2008-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி இயக்குநர்கள் பொறுப்பாவார்கள். லாப நோக்கமற்ற நிறுவனத்துக்கும் அது உண்டு. நல்ல காரியத்துக்காகச் செய்தோம் என்பது அங்கே செல்லாது. போர்டு கூட்டத்தில் உங்கள் எச்சரிக்கையைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

மானியத்தைப் பற்றி நிறையப் பேர் பெரிதாக நம்புகிறார்கள். சமுதாய ஊடகங்களுக்கும் சின்ன வணிக ஊடகங்களுக்கும் உதவ 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான எம்.டி.டி.ஏ. என்கிற அமைப்பு இருக்கிறது, நல்ல அமைப்பு, விண்ணப்பம் போடுங்கள். ஆனால் பொதுவாக எந்த மானியமும் இந்தச் சாமானுக்கு, இந்தப் பயிற்சிக்கு என்று தலைப்புக் கட்டித்தான் வரும். பழைய பாக்கியை அடைக்க அதிலிருந்து எடுத்தால் அடுத்த தவணை நின்றுவிடும். வங்கியில் மானியத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். நன்கொடை கேட்கப் போகும் முன், வரிச் சலுகை ரசீது கொடுப்பதற்கான 18ஏ அனுமதி உங்கள் நிலையத்துக்குக் கிடைக்குமா என்று வரித்துறையில் கேட்டுப் பாருங்கள். கொடுப்பவருக்கு வரிச் சலுகை ரசீது தர முடிந்தால் மூடிய கையும் கொஞ்சம் திறக்கும்.

எங்களைத் தூக்கி நிறுத்தியது கடைசியில் கோயில்களும் சர்ச்களும்தான். ஏஜென்சிகளைச் சுற்றுவதைக் குறைத்து, தைப்பூசம், தீமிதி, புரட்டாசி சனி, ஈஸ்டர் ஆராதனை என்று ஒவ்வொரு நேரலைக்கும் ஊர்க் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே ஸ்பான்சர் வாங்கினேன். காசு வந்த பிறகுதான் வண்டி கிளம்பும் என்று கறாராக இருந்தேன். மசாலாக் கடை, பூக்கடை, இறுதிச் சடங்கு நடத்துபவர், தங்க நகைக் கடை, யாரும் மீட்டர் கணக்குக் கேட்கவில்லை. தங்கள் வாடிக்கையாளர் பார்க்கிறார் என்று அவர்களுக்கே தெரியும். நாள் முழுக்க ஓட்டுவதையும் நிறுத்தி, லைசென்ஸ் நிபந்தனைக்கு உட்பட்ட திருத்தத்துக்கு எழுதிக் கேட்டு, நேரத்தைக் குறைத்தோம். பழைய படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டி 24 மணி நேரம் நிரப்புவதைவிட, நல்ல எட்டு மணி நேரம் போதும் என்பது என் தீர்மானமான எண்ணம். 2024 மார்ச் இறுதியில் மின்வெட்டும் பெரும்பாலும் நின்றது. மூச்சு வந்தது.

இப்போது எல்லாச் சின்ன நிலையத்துக்கும் இருக்கிற தலைவலி, ஒளிபரப்பைப் பழைய அனலாக் முறையிலிருந்து டிஜிட்டலுக்குக் கொண்டுபோகிற மாற்றம். ஐரோப்பா, ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தப்படி 2015 ஜூனில் முடிந்திருக்க வேண்டியது, இங்கே தள்ளிக்கொண்டே வந்தது. 2025 மார்ச் 31-ல் அனலாக் நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். ஈ.டிவி என்கிற தனியார் சேனல் தொடுத்த வழக்கில், சில நாள் முன்னால் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. டிஜிட்டல் பெட்டி இல்லாத ஏழை வீடுகளின் திரை இருண்டுவிடும் என்பதுதான் கவலை, அது நியாயமான கவலை. எங்கள் நேயர்கள் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆனால் எந்தச் சாமானில் காசு போடுவது என்று நிலையத்துக்குத் தெரியாமல் போகிறது. நான் எடுத்த முடிவு, இரண்டு முறைக்கும் பொருந்துகிற சாமானை மட்டும் வாங்குவது: கேமரா, மைக், சர்வர், பேட்டரி, காப்பகம். ஒளிபரப்பு முனைச் சாமானை வாடகைக்கு எடுங்கள், சிக்னல் ஒப்பந்தத்தை நீண்ட காலத்துக்குப் போடாதீர்கள், மாற்றம் வந்தால் அபராதம் இல்லாமல் வெளியேறும் வரி ஒன்று கேட்டு வாங்குங்கள்.

2025-ல் பாக்கி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு நான் விலகினேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை, வீட்டையும் பார்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் நிகழ்ச்சியை மட்டும் இன்னும் செய்கிறேன். விலகுகிறவர்களுக்கு ஒன்று. ராஜினாமாக் கடிதம் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. இயக்குநர் மாற்றத்தை நிறுவனப் பதிவகத்தில் நிலையம் பதிய வேண்டும், வங்கியில் கையெழுத்து மாற வேண்டும், வரித்துறையில் பொறுப்பாளர் பெயர் மாற வேண்டும். இந்த மூன்றும் நடக்காதவரை, அங்கே எது நடந்தாலும் முதல் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். எனக்கு வங்கியும் பதிவகமும் சீக்கிரம் முடிந்தன, வரித்துறையில் பெயர் மாறத்தான் மாதங்கள் ஆயின. அதுவரை ஸ்டுடியோ சாவிக் கொத்தை நான் கொடுக்கவில்லை. புதுப் பொறுப்பாளர் தன் பெயர் ஏறிய தாளின் நகலைக் கொண்டுவந்து காட்டினார். சரி பார்த்துவிட்டு, என் ஒரே நோட்டையும் சாவியோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தேன்.